கேட்டதற்கு மட்டும் பதில்

பல்கலைக்கழகம் அவள் புருஷனுக்குத் தர வேண்டிய பாக்கி முந்நூற்று எழுபத்தைந்து. நானூற்று ஐம்பது என்று அவள் விரல் மடக்கி வைத்திருந்த கணக்கிலிருந்து எழுபத்தைந்தைத் தேர்வுப் பிரிவுக் குமாஸ்தா பேனா முனையாலேயே வழித்து எடுத்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு நூத்தம்பது. திங்கள் முழு நாள், நேத்து முழு நாள். இன்னிக்குப் பதினோரு மணிக்கே ஆளை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்ப இது பாதி நாள்தானேம்மா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "அவரா எழுந்து போகலைங்களே. தூக்கிட்டுல்ல போனாங்க."

"எப்படிப் போனாலும் பாதி நாள்தான். நான் என்ன பண்ணட்டும்? லெட்ஜர் ரெக்டர் ஃபாதர் ரூமுக்குப் போயிருக்கு. நாலு மணிக்கு மேல வாங்க."

குமாஸ்தாவின் தலைக்கு மேலே சிலுவை, சிலுவைக்குக் கீழே கடிகாரம். மணி இரண்டேகால்.

பணத்துக்காக அவள் வரவில்லை. பிணவறையிலிருந்து உடலை வெளியே எடுக்க ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் ஐந்து இடத்து முத்திரை விழ வேண்டும். வார்டு போட்டாயிற்று. மருந்தகமும் கணக்குப் பிரிவும் போட்டாயிற்று. மாதா கோவில் அலுவலகத்தில் ஒரு வயதான சாமியார் முத்திரையும் குத்தி அவள் தலையில் கையும் வைத்து அனுப்பினார். பரீட்சை நோயாளியாகப் பேர் பதிந்திருக்கும்போதே இறந்துபோனதால் ஐந்தாவதாகத் தேர்வுப் பிரிவும் கணக்கை முடித்துத் தர வேண்டுமாம். செத்தவருக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவர் பெயின்ட் அடிக்கிறவர், அல்லது அடித்துக்கொண்டிருந்தவர். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிப்போய், ஏணியில் நாலு படி ஏறினால் நாய் மாதிரி இரைக்க ஆரம்பித்தபோது இங்கே வந்து படுத்தார். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட பேராசிரியருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே ஒரு சத்தமாம். ஒரு இம்மி கூடக் கலப்படம் இல்லையாம்.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசிப் பரீட்சையில் ஒரு நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்து, இவருக்கு என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அப்படிப் படுக்கிற ஆள் இலேசில் கிடைப்பதில்லை. நோய் ஆளைக் கொன்றுவிடவும் கூடாது, ஆளை விட்டுப் போய்விடவும் கூடாது. அவருக்கு வாய்த்தது அப்படிப்பட்ட நோய். பதினொரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு பரீட்சை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் டமாரம். "டமாரம் அண்ணன் வந்தாச்சா?" என்று வராந்தாவில் அவர்கள் பதறிக் கேட்பது காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க அவர் நடையே வேறாக இருக்கும்.

பரீட்சை நோயாளிக்கு இரண்டு கட்டுப்பாடு. நோயின் பேரைச் சொல்லக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். முதலாவதை அவர் மனம் போனபடி மீறுவார். பயந்து வெலவெலத்து நிற்கிற பிள்ளை வந்தால் போர்வைமேல் இரண்டு விரலை நீட்டுவார். இரண்டு இதழ் உள்ள வால்வு என்று அர்த்தம். புரிந்துகொள்கிற பிள்ளைகள் பிழைத்துப் போவார்கள். இரண்டாவது கட்டுப்பாட்டை மட்டும் அவர் ஒருநாளும் மீறியதில்லை. அதில்தான் தன் தொழில் சுத்தம் இருக்கிறது என்று நினைத்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டில் ஒத்திகை நடக்கும். அவள் துணி மடித்துக்கொண்டே டாக்டராக இருந்து கேட்பாள்.

"என்ன செய்யுது?"

"மூணு வருஷமா மூச்சு வாங்குதுங்க. படி ஏறினா அதிகமா இருக்கு. ராத்திரி ரெண்டு தலையணை இல்லாமப் படுக்க முடியல. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கு."

"பதினொரு வருஷமா அதே மூணு வருஷம்தானா? உங்களுக்கு மட்டும் காலமே நகராதா?"

"பாடத்தை மாத்தினா பிள்ளைங்க குழம்பிடும் இவளே."

நேற்று விடியற்காலையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே சுருண்டார். வெறும் வயிற்றில் வருஷக்கணக்காக விழுங்கிய நெஞ்சு மாத்திரைகள் உள்ளே என்ன செய்து வைத்திருந்தனவோ தெரியாது. கத்தியால் குத்தின மாதிரி இருக்கிறது என்றார். அவள் வயிற்றைத் தேய்த்துவிட்டாள். இன்றைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே போறேன்? வேற எங்கயாவதா? ஹால்ல பன்னெண்டு பிள்ளைங்க என்னைப் பார்க்கப் போகுது. மேல ரெண்டு பெரிய டாக்டருங்க. இத்தனை பேர்ல ஒருத்தர் கண்ணுலயாவது படாதா?"

அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் அவளுக்கும் பட்டது.

நேற்று மத்தியானம் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது என்றார். யாரிடமாவது சொன்னீங்களா என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலியே" என்றார். இன்று காலை அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கூனியபடியே போய்ப் படுத்தார். பதினொன்றுக்குச் சலவைக்கூடத்துக்கு ஆள் ஓடி வந்தது. ஈர ஏப்ரனோடு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் குனிந்து, "அண்ணே, என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணைத் திறக்காமல் ஆரம்பித்தார். "மூணு வருஷமா மூச்சு வாங்குதுங்க..."

"டாக்டர், அது இல்லீங்க, வயிறு..." என்று அவள் குறுக்கே புகுந்தாள்.

அவர் கையைத் தூக்கினார். "நீ சும்மா இரு இவளே. இவங்ககிட்ட எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

"அம்மா, கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்றார் டாக்டர்.

அவள் வெளியே நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து பாடம் தொடர்ந்து கேட்டது. படி ஏறினா அதிகம். ரெண்டு தலையணை. மூட்டு வீங்கி என்ற இடத்தில் நின்றது. அந்தப் பாடத்துக்கு என்ன மருந்தோ அத்தனையும் கொடுத்தார்கள். கோவிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். கையில் கொடுத்த தாளில், காரணம் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். சலவைக்கூடத்துப் பெண்கள் சொல்லி வைத்த மாதிரி, "எதிர்பார்த்ததுதானே, அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் ஓட்டினதே பெரிசு" என்றார்கள்.

அழுகை வரவில்லை. நெஞ்சு, நெஞ்சு என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. அவளுக்கு இனி வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கேயாவது, எந்தத் தாளிலாவது, வயிறு என்று எழுதியிருக்க வேண்டும். தான் வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் எழுதியிருக்க வேண்டும்.

பிணவறைக்கு எதிரே ஒரு பெஞ்ச். நாலு மணி வரைக்கும் போக வேறு இடமில்லை. அந்த வராந்தாச் சுவரில் தோள் உயரம் வரைக்கும் ஒரு பச்சை, அதற்கு மேலே வேறொரு பச்சை. கீழே உள்ளது அவர் அடித்தது. ஏணி வேண்டாத வேலையாகப் பார்த்துக் கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் கொடுத்தார்கள். மேல் பாதியை அடித்தவன் கலவையில் கோட்டைவிட்டுவிட்டான் என்று இரண்டு மாதம் புலம்பினார்.

ஒரு பெண் வந்து எதிரில் நின்றாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், அழுது வீங்கிய கண்.

"அம்மா... நீங்கதானே டமாரம் அண்ணன் வீட்டுல?"

"ஆமா. உக்காரு."

அந்தப் பெண் உட்காரவில்லை. "காலையில மூணாவதா என் நம்பரைக் கூப்பிட்டாங்கம்மா. அண்ணன் முகத்துல முத்து முத்தா வேர்வை. எனக்கு என்னவோ தோணுச்சு. நெஞ்சைத் தொடறதுக்கு முன்னால கையை வயித்துமேல வெச்சுட்டேன். பலகை மாதிரி இருந்துச்சும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியென்றால் ஒருத்தர் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் சொன்னது பொய்யாகவில்லை.

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேனே. சார், வயிறு பலகை மாதிரி இருக்குன்னேன். 'உன்னை வயித்தைப் பார்க்கச் சொன்னேனா? நெஞ்சைப் பாருன்னேன். இன்னும் ஆறு நிமிஷந்தான் இருக்கு'ன்னாரு பெரிய சார்."

"அப்புறம்?"

"நெஞ்சைப் பார்த்தேன்."

ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டபடி அவர்களைக் கடந்து போனது. மேலே அழுக்குத் துணி மூட்டை. சாயங்காலத்துக்குள் வேறு யாராவது துவைப்பார்கள்.

"குழாயை வெச்சேம்மா. ஒரு சத்தமும் எனக்குக் கேக்கல. அண்ணன் என்னையே பார்த்தாரு. அந்த நிலைமையிலயும் போர்வைமேல ரெண்டு விரலை..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"பாஸா?"

தலை மட்டும் ஆடியது.

"எத்தனை மார்க்?"

"அம்மா, வேண்டாம்மா..."

"சொல்லு. அவரு இருந்தா கேட்டிருப்பாரு. ஒவ்வொரு தடவையும் கேப்பாரு."

"எழுபத்தாறு."

"நல்ல மார்க்தான்." அவள் ஏப்ரனின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. "நீ பார்த்ததை ஒரு தாள்ல எழுதிக் குடுப்பியா?"

அந்தப் பெண் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். "ரிசல்ட்டுல இன்னும் பெரிய சார் கையெழுத்துப் போடலைம்மா. சனிக்கிழமைதான்... எங்க வீட்டுல நெலத்தை வித்து..."

"சரி, விடு."

"சனிக்கிழமைக்கு அப்புறம் வேணும்னா..."

"விடுன்னு சொன்னேன்ல."

அந்தப் பெண் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தூணோரம் ஒதுங்கியபோது, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அவள் சொன்ன அந்தப் பெரிய டாக்டரும் சலவைக்கூடத்துச் சிஸ்டரும் வந்தார்கள். நாற்பது வயசுக்கு மேல் அவளை உட்கார வைத்துச் சிலேட்டில் அ, ஆ எழுத வைத்தவர் அந்தச் சிஸ்டர். எந்த வார்டுத் துணி எந்த வார்டுக்குப் போகிறது என்று அதற்கப்புறம்தான் அவளால் யாரையும் கேட்காமல் படிக்க முடிந்தது.

பெரிய டாக்டரின் கண்ணும் சிவந்திருந்தது. நடிப்பு இல்லை. அவள் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"எழுநூத்து முப்பது பேரும்மா. நான் உக்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் நெஞ்சுல படிச்சுட்டுப் போன டாக்டருங்க எழுநூத்து முப்பது பேர். அவரு எங்களுக்குப் பேஷன்ட் இல்ல, வாத்தியார்."

அவள் ஈர ஏப்ரனை முழங்கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்க எனக்கு வாயே வரல." அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "அந்த இதயத்தை மட்டும் எங்களுக்குக் குடுப்பீங்களா? எங்க மியூசியத்துல கண்ணாடிக் குடுவையில வெச்சுப் பத்திரமாப் பாத்துக்குவோம். இன்னும் ஆயிரம் பிள்ளைங்க படிப்பாங்க. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். தைச்சு, சட்டை போட்டுக் குடுத்துடுவோம். வெளியே ஒண்ணும் தெரியாது."

"வருஷா வருஷம் பூசையில நெனைப்பாங்கம்மா" என்றார் சிஸ்டர். "உயிரோட இருக்கறப்பவும் குடுத்தாரு, போனப்பறமும் குடுத்தாருன்னு இருக்கட்டுமே. கையெழுத்துதான் உனக்குப் போடத் தெரியுமே."

அவள் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் பொறுமையாக இருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"கையெழுத்துப் போடறேங்க ஐயா" என்றாள். "நெஞ்சை எடுத்துக்குங்க. திறக்கறப்போ, அப்படியே வயித்தையும் திறந்து பாருங்க. என்ன இருக்கோ அதை எழுதுங்க. அது போதும் எனக்கு."

பெரிய டாக்டர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குத் தேவை இல்லையேம்மா. காரணம் தெரிஞ்சதுதானே?"

"ஒரு சாண் தூரந்தானேங்க ஐயா."

"இல்லம்மா, அது வேற நடைமுறை. அதுக்கு வேற..." அவர் நிறுத்தினார். "யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

கேட்கும்போதே அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. தூணோரம் நின்ற பெண் தரையைப் பார்த்தாள். கழுத்திலிருந்த குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

"யாருங்க வந்து சொல்லணும்?" என்றாள் அவள். "நேத்து விடியக்காலையிலேர்ந்து அந்த வயித்தைத் தேய்ச்சுவிட்டவ நான். பலகை மாதிரி இருந்துச்சு."

பலகை என்ற சொல் அவர் காதில் விழுந்த விதத்திலேயே, அதை இன்று அவர் இரண்டாவது முறையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது. அவர் மெல்லக் கையை நீட்டி அவள் மடியிலிருந்த படிவத்தை எடுத்தார். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம்மா. நீங்க இருக்கற நிலைமையில நான் கேட்டதே தப்பு. முழுசாவே எடுத்துட்டுப் போங்க."

எழுந்து நடந்தார். தூணைக் கடக்கும்போது அந்தப் பெண், "சார்" என்று பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் திரும்பவில்லை. அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேறு பக்கமாகப் போனாள்.

பதினொரு வருஷம் ஆசை ஆசையாகக் கேட்ட நெஞ்சு. வயிற்றைத் திறக்க வேண்டும் என்றதும் அது யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

சிஸ்டர் மட்டும் மிச்சமிருந்தார். ஜெபமாலையை விரலால் நெருடியபடி, "ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்மா" என்றார்.

"தெரியும் சிஸ்டர். அவரும் கேட்டாத்தான் சொல்லுவாரு போல."

சிஸ்டர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் ஏப்ரனின் முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்த்து, மடித்துத் தன் கையில் வாங்கிக்கொண்டு போனார்.

நாலரைக்குத் தேர்வுப் பிரிவு ஜன்னலில் மறுபடி நின்றாள். லெட்ஜர் வந்திருந்தது. குமாஸ்தா ஒரு பக்கத்தைப் புரட்டி, முந்நூற்று எழுபத்தைந்தை எண்ணிக் கம்பிக்குக் கீழே தள்ளினார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக அவர் கேட்டது முந்நூறு.

"எண்ணிப் பார்த்துட்டு இங்க கையெழுத்துப் போடுங்க. முத்திரை குத்திடறேன்."

அவள் பணத்தைப் பார்த்தாள். பேர் இருந்த வரியைப் பார்த்தாள். பேருக்குப் பக்கத்தில் 'இதயம்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டரை நாள்.

"இது எனக்கு வேண்டாங்க."

"என்னம்மா, அந்த எழுபத்தஞ்சுக்கா? நான் என் கைக்காசைப் போட முடியுமா?"

"அதுக்கு இல்ல. எதுவுமே வேண்டாம்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியெல்லாம் விட முடியாதும்மா. பாக்கி நின்னா கணக்கு முடியாது. கணக்கு முடியாம முத்திரை விழாது. முத்திரை விழலைன்னா ஆளை வெளியே விட மாட்டாங்க."

"அப்ப வேண்டாம்னு எழுதிக்குங்க."

"வேண்டாம்னு எழுத இடமில்ல. தள்ளுபடின்னு வேணா எழுதலாம். அது கூட இதுவரைக்கும் இவங்கதான் ஜனங்களுக்குத் தள்ளுபடி பண்ணியிருக்காங்க. ஜனங்க இவங்களுக்குப் பண்ணினதா எனக்கு ஞாபகம் இல்ல." அவர் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். "அதுக்கும் காரணம் எழுதணும். வருஷக் கடைசியில ஆடிட்டர் கேப்பான். என்ன காரணம் போடட்டும்?"

"வயித்து வலின்னு போடுங்க."

"என்னது?"

"செவ்வாய்க்கிழமை விடியக்காலையிலேர்ந்து கடுமையான வயித்து வலி. வயிறு பலகை மாதிரி ஆயிடுச்சு. அதோடதான் படுத்திருந்தார். இதயம்னு எழுதின பணம் இவருக்குச் சேராது. அப்படின்னு எழுதுங்க."

குமாஸ்தா அவள் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்துக்கு ஜன்னலை மூட வேண்டும். யார் படிக்கப் போகிறார்கள் இந்தக் கட்டத்தை? தலையை ஆட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் முத்திரையை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. இப்படித் திருப்புங்க."

அவர் லெட்ஜரைத் திருப்பி வைத்தார். அவள் கம்பிக்குள் கையை விட்டு எழுத்துக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தினாள். வ. யி. ற். று. கட்டம் சின்னது. எழுத்துகள் கோட்டைத் தாண்டி நெருக்கியடித்து நின்றன.

"செவ்வாய்க்கிழமை விட்டுப்போச்சு" என்றாள்.

"இதுல எங்கேம்மா இடம்?"

"மேல எழுதுங்க."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். வரிக்கு மேலே பொடி எழுத்தில் செவ்வாய் என்று எழுதினார். அவள் தன் பேரை எழுதினாள். அவர் சீட்டில் ஐந்தாவது முத்திரையைக் குத்தி நீட்டினார். பணத்தை மறுபடி எண்ணி, ரப்பர் போட்டு இழுப்பறைக்குள் தள்ளினார்.

வெளியே வண்டிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார்.

"அவ்வளவுதாம்மா. போகலாம்."

"மூடிடாதீங்க" என்றாள் அவள். "மை காயட்டும்."

காயும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.